நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்றெண்பத்து மூன்று வரை

என் நாவலின் நான்காம் அத்தியாயம்
எழுபத்திரண்டு பக்கம்.
நடுவில் ஓர் இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி
எதுவும் கிடையாது.

பதிப்பாசிரியர் ஹெனோவேவா அப்போதே சொன்னாள்:
"யாரிடம் இருக்கிறது இவ்வளவு மூச்சு?
மூன்று பக்கம் எழுது.
முடிவில் யாராவது கதவைத் தட்டட்டும்.
திறப்பதற்கு அடுத்த அத்தியாயம்."
அவள் வெளியிடும் நாவல்களில்
கதவுகள் ஓயாமல் தட்டப்படுகின்றன.
பெரும்பாலும் பால்காரன்.

பாதி வெள்ளையாக விட்ட பக்கம் எனக்கு ஆகாது,
சாப்பாட்டின் நடுவே எழுந்து போனவரின் தட்டு மாதிரி.
தவிர, அந்த அத்தியாயத்தில் ஒருத்தி
செத்துப்போன தம்பியின் கடன்களை அடைக்கிறாள்,
ஒரே இரவில், வீடு வீடாக.
இரவை நான் எந்த இடத்தில் மடிப்பது?

ஆகஸ்டில், லா பாஸ் புத்தகச் சந்தைக்கு
பிரிமித்திவா திக்கோனா என்பவர் வந்தார்,
கையில் பாலாடைக்கட்டிப் பை.
உள்ளே என் நான்காம் அத்தியாயம்
பதினொரு துண்டுகளாக,
ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் வளையம்.

பல் மருத்துவமனையில் தரை துடைப்பவர்.
தேய்ந்த அறுவைக் கத்தி ஒன்றை
டாக்டரிடம் கேட்டு வாங்கினாராம்.
"கனமான புத்தகம், ஐயா.
எல் அல்தோவிலிருந்து இறங்க
மஞ்சள் தடத்துக் கம்பிவண்டியில் பதினேழு நிமிடம்.
ஏழு பக்கம் போகும்.
பக்கத்து ஆள் முழங்கை இடித்தால் ஆறு."

எனக்குக் காது சூடேறியது.
ஒவ்வொரு துண்டாகப் பிரித்தேன்.
அழுகைக்கு முன் ஒரு வெட்டு.
தேநீர் ஊற்றும்போது ஒன்று.
மூன்றாம் துண்டின் கடைசி வரி:
'அவள் பணத்தை நீட்டினாள், அவரோ'
அத்தோடு சரி.

"இங்கேயா வெட்டுவீர்கள்?"

"நிலையம் வந்துவிட்டதே.
அன்றைக்கு நான்கு அறை, இரண்டு கழிப்பறை, ஒரு மாடிப்படி.
துடைக்கத் துடைக்க
அந்த மனிதர் பணத்தை வாங்கினார்,
வாங்க மாட்டேன் என்றார்,
ஒருமுறை அவள் கையைப் பிடித்துக் கடித்தார்கூட.
சாயங்காலம் ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன்,
'எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.'
இவ்வளவுதானா என்றிருந்தது."

இவ்வளவுதான்.
அந்த வரிக்கு நான் மூன்று நாள் செலவழித்திருந்தேன்,
கடிப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

குட்டி அத்தியாயப் புத்தகங்கள் பிடிக்காதா என்றேன்
(ஹெனோவேவா பக்கத்து மேசையில் காது கொடுத்திருந்தாள்).
"படித்தேன். ஒன்று முடியும்போது
நான் இன்னும் அந்தரத்தில்தான் இருக்கிறேன்,
ஐந்து நிமிடம் பாக்கி.
அடுத்ததைத் தொட்டால் முடியாது.
தொடாவிட்டால் எதிர்க் கண்ணாடியில்
பற்பசை விளம்பரம்.
பற்களைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேனே."

கையெழுத்தைக் கடைசித் துண்டில் போடப் போனேன்.
வேண்டாம் என்றார்.
'அவரோ'வுக்குக் கீழே போட்டேன்.
வாக்கியத்தை நான்தான் முடித்தேன் என்பதுபோல்
என் பெயர் அங்கே நிற்கிறது, கொஞ்சம் அசட்டுத்தனமாக.

பிறகு ஒருநாள் மஞ்சள் தடத்தில் நானும் ஏறினேன்,
மடியில் புதுக் கைப்பிரதி.
காற்று அதிகம். வண்டி நடுவில் நின்று ஆடியது.
கீழே செங்கல் சுவர்கள், தகரக் கூரைகள், ஒரு நாய்.
எட்டாம் பக்கத்திலும் என் ஆள்
படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.
எழுப்பலாமா என்று யோசித்தேன்.
தூங்கட்டும்.

இப்போதைய ஐந்தாம் அத்தியாயம்
தொண்ணூறு பக்கம்.
ஹெனோவேவாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்:
உள் ஓரத்தில், தைக்கிற பக்கமாக,
அரை விரல் கூடுதல் இடம்.

"எதற்கு?"

"கத்திக்கு."

தாள் செலவை யார் தருவது என்றாள்.